ஒரு பை நிறையப் பழுதில்லாத போன்கள்

எனக்கு இலேசில் ஆச்சரியம் வராது. வயல்காரர் வீட்டில் பிறந்தவள் நான். மழை நேரத்துக்குப் பெய்தாலும் ‘இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய்’ என்று வானத்தோடு சண்டைக்குப் போகிற குடும்பம். நூலகப் பொறுப்பாளராக இருந்த காலம் முழுவதும் சத்தம் போடுகிறவர்களை முறைத்தேன், புத்தகத்தின் மூலையை மடிக்கிறவர்களைத் திட்டினேன். ‘இராசேஸ்வரி மிஸ் இருக்கிறாவோ’ என்று வாசலில் கேட்டுவிட்டு, இருந்தால் திரும்பிப் போகிற வாசகர்களும் உண்டு. அப்படிப்பட்ட என்னை வாயடைத்து நிற்க வைத்தவள் கிறேஸ். அவளைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

கிறேஸ் விடத்தல்தீவுக்காரி, கடற்றொழில் செய்யும் குடும்பம். சண்டைக் காலத்தில் மடு மாதா கோயிலுக்கு ஓடி, அங்கிருந்து வன்னிக்குள் ஓடி, கடைசியில் முகாமில் முட்கம்பிக்குள் இருந்து, இரண்டாயிரத்துப் பத்தில் ஊர் திரும்பியவர்கள். முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் கூடாரம் அடித்துக் கணினி வகுப்பு நடத்தியிருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கப் போன இடத்தில் படித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சான்றிதழோடுதான் எங்கள் மன்னார்க் கரையோர நூலகத்துக்கு உதவியாளராக வந்து சேர்ந்தாள்.

அப்போது எங்களிடம் கூரை புதிது, கதிரைகள் புதிது, அலுமாரிகள் புதிது. புத்தகம்தான் இல்லை. பழைய புத்தகமெல்லாம் போரோடு போய்விட்டது. நன்கொடை என்று வந்த பெட்டியைத் திறந்தால் பனியில் சறுக்கி விளையாடுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஆறு புத்தகம் இருந்தது. மன்னார் வெயிலில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

புத்தகம் வாங்கித் தராத பிரதேச சபை, அதற்குப் பதிலாக எங்களுக்கு ஓர் இணையத்தளம் செய்து தந்தது. திறந்தவுடன் பூமி உருண்டை சுழலும். ‘வருக வருக’ என்று ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். கேட்காமலே வீணை வாசிக்கும். திறப்பு விழா வைத்து, கணினிக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினோம். விளக்கின் புகை திரையில் படிந்ததைத் துடைத்தவள் கிறேஸ். அன்றிலிருந்து அந்தத் தளம் அவள் பொறுப்பு.

இரண்டு வருஷம் போவதற்குள் சனத்தின் கையில் தொடுதிரைப் போன்கள் வந்துவிட்டன. ஒருநாள் வாசகர் ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மிஸ், இது என்ன பாஷை?”

பார்த்தால் எங்கள் நூற்பட்டியல்தான். ஆனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து, கறையான் தின்ற மட்டை மாதிரி இருந்தது. வடக்கில் எல்லா அரசாங்கக் கந்தோரிலும் செய்கிற மாதிரி நாங்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தோம். அந்த எழுத்துரு ஏற்றிய கணினியில் அது தமிழ். மற்ற இடமெல்லாம் வெறும் கிறுக்கல். உலகம் முழுவதும் பார்க்கட்டும் என்று விளக்கேற்றி வைத்ததை எங்கள் மேசையில் இருந்து மட்டும்தான் வாசிக்க முடிந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உருண்டையைக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பேன். கிறேஸ் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் எந்தப் போனிலும் தெரிகிற ஒருங்குறிக்கு மாற்ற உட்கார்ந்தாள். மாற்றித் தரும் கருவி இணையத்தில் இருந்தது, ஆனால் அது கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டது. ஒவ்வொரு தலைப்பாகத் திருத்தினாள். மாரி தொடங்கும்போது உட்கார்ந்தவள் மாரி முடியும்போது எழும்பினாள். ஒரு வருஷமாவது ஆகும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

அதோடு விடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. அந்தக் காலத்தில் இணையத்தளங்களில் வெள்ளைத் தாளில் சாம்பல் எழுத்துப் போடுவது ஒரு மோகமாக இருந்தது. கொழும்பில் நடந்த பயிற்சியில் அவளுக்கும் அதைத்தான் காட்டினார்கள், பார்க்க அழகாகவும் இருந்தது. திரும்பி வந்தவள் எங்கள் தளத்தையும் அப்படியே மாற்றிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நட்டநடு மத்தியானத்தில் இறங்குதுறைக்குப் போனாள். வள்ளம் வரக் காத்து நிற்கிறவர்கள் நிற்கும் அதே இடத்தில் நின்று, தளத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை. அடுத்த நாள் எழுத்தெல்லாம் மைக்கறுப்பாகி, இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. உருண்டை போய்விட்டது. வீணையும் போய்விட்டது. வீணை போனதற்காகவே அவளுக்கு நான் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

இணையத்தில் வருஷத்துக்கு ஒரு புது மோகம் வரும். முகநூல் பக்கம் வேண்டும் என்றார்கள், பிறகு காணொளி என்றார்கள், பிறகு வேறொன்று. எனக்குத் தலை சுற்றும். கிறேஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்து, தன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பாள்: இதை எங்கள் ஆட்கள் எந்த நேரத்தில், எந்தக் கையால் பிடித்துப் பார்ப்பார்கள்?

அந்தக் கேள்வி அவளுக்கு அண்ணன் பெனடிக்ற்றிடம் இருந்து வந்தது. அவர் கரையில் தன் வாடிக் குடிசையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது, தளத்தில் புதிதாகப் போட்ட ஒரு கட்டுரையைக் காட்டப் போயிருக்கிறாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கை ரெண்டும் வலைக்குள்ள கிடக்கு. வாசியன், கேக்கிறன்” என்றிருக்கிறார். அவள் வாசித்திருக்கிறாள். பக்கத்து வாடிக்காரர்களும் வலையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து இருந்துவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னாள்.

“அக்கா, எங்கட ஆக்களுக்குக் கை ஓய்வில்லை. காதுதான் சும்மா இருக்கு.”

கரையோரக் கத்தோலிக்கருக்கு இது புதிதும் இல்லை. தவக்காலம் வந்தால் ஆண்டவரின் பாடுகளை ஒருவர் இராகம் இழுத்து வாசிப்பார், வீடு நிறைய ஆட்கள் இருந்து கேட்பார்கள். புத்தகம் ஒன்று, வாய் ஒன்று, காது ஐம்பது. அவர்களுக்கு வாசிப்பு என்றால் அதுதான். நான் சைவக்காரி, இத்தனை வருஷம் அங்கே வேலை செய்தும் அதை வாசிப்பு என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

இப்படித்தான் கேள்விப் பக்கம் தொடங்கியது. யாரும் எதையும் கேட்கலாம். போனில் செய்தி அனுப்பலாம், துண்டு எழுதிப் பெட்டியில் போடலாம். கிறேஸ் புத்தகங்களில் தேடுவாள், எங்களிடம் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் எழுதிக் கேட்பாள். சனிக்கிழமை காலை அந்த விடையைத் தன் குரலில் தளத்தில் ஏற்றுவாள். மாதா கோயில் ஒலிபெருக்கியும் காகங்களும் குழப்பாமல் இருக்க, இரண்டு அலுமாரிகளுக்கு நடுவில் பழைய சாரத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதற்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். அந்த நேரம் நான் வாசலில் நின்று வருகிறவர்களை அதட்டி நிறுத்த வேண்டும். எனக்கு வாய்த்த வேலைதான் அது.

கடல் ஏன் சில நாளில் மினுங்குகிறது? காணி உறுதி தொலைந்தால் பிரதி எங்கே எடுப்பது? வேலி இறால் என்று ஊரில் சொல்வதற்குப் புத்தகத்தில் என்ன பெயர்? கேட்டவர்களைப் பார்த்து ஒருநாளும் அவள் சிரித்ததில்லை. ஒரு கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அதையும் குரலில் சொல்லுவாள். ஒரு விடையைத் திருத்தித் திருத்தி ஏழு தரம் வாசித்த நாளும் உண்டு. “கேக்கிற ஆக்கள் ஒன்பது பேர். அதுக்கு இவ்வளவு பாடோ?” என்று நான் சீறுவேன்.

ஒன்பது என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தளத்துக்கு எத்தனை வருகை என்று கணினியே காட்டும். நாளொன்றுக்கு ஒன்பது, நல்ல நாளில் பத்துப் பன்னிரண்டு. அவள் அந்த எண்ணைத் தினமும் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை எடுப்பாள்.

அந்த எண்தான் கடைசியில் வினையாக வந்தது. இரண்டாயிரத்துப் பதினெட்டில், சின்னச் சின்ன நூலகத் தளங்களை எல்லாம் மூடி ஒரே தளமாகச் சேர்ப்பது என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். புதிய தளத்தில் நூற்பட்டியல் இருக்கும், திறக்கும் நேரம் இருக்கும், குரலுக்கு இடமில்லை. அதைக் கவனிக்கப் பாலசிங்கம் என்ற அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகப் பேசுவார், கதிரையில் அரைவாசியில்தான் உட்காருவார். ஆனால் எண்ணை நம்புகிற மனிதர்.

“பிள்ளை, உங்கட வேலை திறம். நானும் கேட்டனான். ஆனால் ஒன்பது பேருக்காக ஒரு தளத்தை வைச்சிருக்கேலாது” என்றார் அவர். “திங்கட்கிழமை நிப்பாட்டிப் பாப்பம். ஆரும் தேடி வந்தால் யோசிப்பம்.”

“ஓம் சேர்” என்றாள் கிறேஸ். தளம் மூடினால் அவளை மன்னார்ப் பட்டினத்துக்கு மாற்றி முத்திரை குத்தும் மேசையில் இருத்துவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சேர்த்து வைத்த குரல்களும் போய்விடும். நான் பாலசிங்கத்தாரோடு சண்டை கொழுவப் பார்த்தேன். அவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள்.

திங்கட்கிழமை நிறுத்தினார்கள். செவ்வாய் ஒருவரும் வரவில்லை, புதனும் வரவில்லை. கிறேஸ் வாசல் பக்கம் பார்க்காமல் புத்தகங்களுக்கு மட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட வந்து கேட்க மனமில்லையே என்று ஊர்ச்சனத்தை எல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வியாழக்கிழமை பின்நேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் பெரிய துணிப்பை. என் மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்தார். போன்கள் கலகலவென்று விழுந்தன.

“தம்பி, இது நூலகம். விக்கிறதெண்டால் சந்தைக்குப் போங்கோ” என்றேன்.

“விக்க வரேல்லை மிஸ். நான் றொகான், மன்னார் ரவுணில போன் திருத்திற கடை வைச்சிருக்கிறன். இஞ்ச கிறேஸ் மிஸ் ஆர்?”

கிறேஸ் எழுந்து வந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அக்கா, மூண்டு நாளா எனக்கு வேறை வேலையில்லை. ஆள் மாறி ஆள் போனைக் கொண்டு வருகினம். என்ன பழுது எண்டு கேட்டால், கிறேஸ் மிஸ்ஸின்ரை குரல் வருதில்லை எண்டினம். எல்லாத்தையும் கழட்டிப் பாத்திட்டன். ஒண்டிலயும் ஒரு பழுதும் இல்லை. உங்களிட்டைத்தான் ஏதோ பழுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தளம் நின்றுபோனது என்று ஒருவரும் நினைக்கவில்லை. வீடு, வள்ளம், கோயில், பள்ளிக்கூடம் என்று எல்லாம் உடைந்துபோவதைக் கண்ணால் கண்ட சனம் அது. அந்தச் சனத்துக்குச் சனிக்கிழமைக் குரல் நின்றுபோகும் என்ற எண்ணமே வரவில்லை. பழுது தங்கள் போனில்தான் இருக்க வேண்டும் என்று கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள்.

றொகான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

“இது உப்புக்குளத்தில ஹமீதா ராத்தான்ரை. இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில இருந்து திரும்பி வந்த பொம்பிளையள் ஒரு வீட்டில சேர்ந்து தைக்கினம். இதை நடுவில வைச்சிட்டு மெசின் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, பழைய விடையளையும் திருப்பித் திருப்பிக் கேப்பினமாம். இது கருவாட்டு வாடி. இது றொசானா அக்கான்ரை, நண்டுக் கொட்டில். ரெண்டு தரம் வந்து சண்டை பிடிச்சிட்டுப் போட்டா. பற்றரி கொஞ்சம் கிழடுதான், சார்ஜ் நிக்காது, ஆனால் பழுதில்லை.”

“கொட்டிலில எத்தினை பேர் கேக்கினம்?” கிறேஸ் மெதுவாகக் கேட்டாள்.

“நண்டு உடைக்கிற எல்லாரும்தான். அவைக்குக் கை ஈரம், போனைத் தொடேலாது. ஒராள் போட்டுவிட்டால் எல்லாருக்கும்.”

கிறேஸ் போன்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “ஒன்பது பேர் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன் அக்கா” என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைப் போட்டு உலுக்கியது. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அந்தத் துணிவில்தான் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று நான் எண்ணியிருந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது பேர் என்று நம்பிக்கொண்டே ஏழு தரம் திருத்தி வாசித்திருக்கிறாள். வேர்த்து ஒழுக ஒழுகச் சாரத்துக்குள் இருந்திருக்கிறாள். என்ன பிறவி இது என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாலசிங்கத்தாருக்கு நானே போன் எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். அன்றைக்கே தளத்தைத் திறந்துவிட்டார். “சனிக்கிழமை அந்தக் கொட்டிலை நான் பாக்கவேணும்” என்றார். எண்ணை நம்புகிறவர் கண்ணையும் நம்புவார் போலிருக்கிறது.

சனிக்கிழமை மூவருமாக மன்னார்த் தீவுப் பக்கம் போனோம். றொசானாவுக்கு மட்டும் சொல்லியிருந்தோம். கடலுக்குக் கிட்ட ஒரு நீளக் கொட்டில். உள்ளே நீட்டு மேசைகள், அவித்த நண்டு மலைமலையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கியடித்து நின்று, ஓட்டை உடைத்துச் சதையைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கதையும் சிரிப்பும். எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை. நாங்கள் வாசலோரம், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

றொசானா கையைத் துடைத்து, போனை எடுத்து அழுத்தி, வெறும் அலுமினியச் சட்டி ஒன்றுக்குள் வைத்தார். சட்டிக்குள் இருந்து கிறேஸின் குரல் பெரிதாக எழும்பியது. கதை பட்டென்று நின்றது. கைகள் மட்டும் நிற்கவில்லை. என் நூலகத்தில் இத்தனை வருஷம் முறைத்தும் அதட்டியும் நான் கண்டிராத அமைதி அது.

அன்றைய கேள்வி அந்தக் கொட்டிலில் இருந்தே வந்தது: ஓடு கழற்றும்போது நண்டுக்கு நோகுமா?

“நண்டு வளரும், அதின்ரை ஓடு வளராது” என்றது சட்டி. “அதால உள்ளுக்குள்ள மெல்லிசாப் புதுத் தோல் ஒண்டு வரும். பிறகு பழைய ஓடு பின்பக்கத்தால வெடிக்கும். நண்டு பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து வெளியில வரும். அந்த நேரம் அதுக்குப் பலம் இல்லை. எதுவும் பிடிச்சுத் தின்னலாம். ஓடு இறுகுமட்டும் மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும்.”

“முகாமில நாங்கள் கிடந்த மாதிரி” என்றார் யாரோ ஒருவர். சிலர் சிரித்தார்கள். ஒருவர் “உஸ்” என்று அடக்கினார்.

“அப்ப நோகுமோ எண்டு கேட்டவவுக்கு” என்று தொடங்கிய குரல் அதோடு அறுந்துபோனது. றொகான் சொன்ன கிழட்டுப் பற்றரி தன் வேலையைக் காட்டிவிட்டது. றொசானா நண்டுக் கையோடு சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாலசிங்கத்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது என் பக்கத்தில் இருந்து அதே குரல், அதே நிதானத்தில், விட்ட இடத்தில் பிடித்தது.

“நோகுமோ எண்டு கேட்டவவுக்கு, எங்களிட்டை இருக்கிற புத்தகம் ஒண்டிலயும் அதுக்கு விடை இல்லை. கொழும்புக்கும் எழுதிக் கேட்டனான். அவையும் நிச்சயமாத் தெரியாது எண்டுதான் எழுதினவை. நான் தேடுறதை விடேல்லை. கிடைச்சால் ஒரு சனிக்கிழமை சொல்லுவன்.”

மேசையின் கோடியில் நின்ற மெலிந்த பெண் ஒருவர், கையில் இருந்த நண்டை உடைத்தபடி, தலை நிமிராமல் சட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“ஓம் மிஸ். ஆறுதலாச் சொல்லுங்கோ.”

பிறகுதான் றொசானா செத்துப்போன போனைச் சட்டிக்குள் இருந்து தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கிறேஸ் வாசலோரம், கூப்பிய கையோடு, வெட்கத்தில் சிவந்து நின்றாள். நான் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன வரப் போகிறது.

திரும்பும் வழியில், பாலம் தாண்டும்போது பாலசிங்கத்தார், “இதை எப்பிடிப் பிள்ளை எண்ணுறது?” என்று கேட்டார். புதிய தளத்தில் குரலுக்கு இடம் வைத்தார்கள், மாவட்டம் முழுவதுக்கும் அந்தப் பக்கத்தைக் கிறேஸிடமே கொடுத்தார்கள். நண்டுக்கு நோகுமா என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்ற அந்தக் கொட்டில், கணினியின் கணக்கில் ஒரு வருகை என்றுதான் பதிந்திருக்கிறது.